கச்சானுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற உடை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சமயச் சொற்பொழிவுகளும் இலக்கிய ஆராய்ச்சிகளும் நிகழ்ந்துவரும் இம்மேடையிலே உடையைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேட்டி சட்டையைப்பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். திருவிழாக் காலத்திலே கூட்டத்தினிடையே மயங்கி விழுவோரைத் தூக்கிச் செல்வது நம் தொண்டர்களுக்குப் பழகிப்போன காரியம். துறைமுகத்திலே மூட்டை இறக்குவோரும், வயலிலே அருவி வெட்டுவோரும், நடுப்பகலிற் கடலிலிருந்து கரைசேரும் மீனவரும் படும் பாட்டை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அண்மை ஆண்டுகளில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் மாவட்டங்களுள் நமது திருகோணமலையும் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆகவே எதை உடுப்பது என்பது அழகைப்பற்றிய கேள்வி மட்டுமன்று, உயிரைப்பற்றிய கேள்வியுமாகும்.

முதலிலே நமது ஊரின் வெப்பத்தை அறிந்துகொள்வோம். நமக்கு ஒரே வெயில் என்று நாம் நினைக்கின்றோம். உண்மையிலே நமக்கு இருவகை வெப்பம் உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களிலே காற்று அசையாது, கடலின் ஈரம் காற்றிலே நிறைந்து நிற்கும், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். இதைப் புழுக்கம் என்கிறோம். வைகாசி முதல் ஆவணி வரையில் மேற்கேயிருந்து கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அப்புறத்திலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமற்றதாகக் கீழிறங்கி, இறங்கும்பொழுதே சூடேறி, வரண்ட நிலத்தின் மேலாக நம்மை வந்தடைகிறது. அதுவே கச்சான். உதடு வெடிப்பதும், உலரப்போட்ட துணி சற்றுநேரத்தில் மொரமொரவென்று காய்வதும் இக்காலத்திலேயாம்.

இவ்விரண்டுக்கும் ஒரே உடை பொருந்துமா? பொருந்தாது என்பதே நான் சொல்ல வந்த செய்தி. காரணத்தைச் சற்று விளக்குகிறேன்.

மனித உடல் ஓர் அடுப்பைப் போன்றது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய காலத்து மின்குமிழ் ஒன்று எரிவதற்கு இது சமம். பாரஞ்சுமக்கும் தொழிலாளி ஒருவரின் உடலிலே 400 வாற்றும் அதற்கு மேலும் உண்டாகும். இவ்வெப்பம் வெளியேறாவிட்டால் 37 பாகையில் நிற்கவேண்டிய உடலின் உட்சூடு ஏறிவிடும். 40 பாகையை எட்டும்பொழுது மூளை தடுமாறத் தொடங்கும்.

வெப்பம் வெளியேறும் வழிகள் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல், ஆவியாதல் என நான்கு என்று பௌதிகவியலிலே படிக்கின்றோம். தோலின் சூடு ஏறத்தாழ 35 பாகை. சுற்றியுள்ள காற்றும் பொருள்களும் அதைவிடக் குளிர்ந்திருந்தாற்றான் முதல் மூன்று வழிகளும் நமக்கு உதவும். கச்சான் வீசும் நண்பகலிலே காற்றே 35 பாகையைத் தொட்டு நிற்கும். அப்பொழுது அம்மூன்று கதவுகளும் அடைபட்டுப்போக, எஞ்சுவது வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்பொழுது ஏறக்குறைய 2,400 யூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 400 வாற்று வெப்பத்தை நீக்குவதற்கு மணிக்கு அரை இலீற்றருக்குச் சற்று அதிகமான வியர்வை ஆவியாகவேண்டும். ஆவியாகவேண்டும் என்பதைக் கவனியுங்கள். நெற்றியிலிருந்து சொட்டி நிலத்தில் விழும் வியர்வை உடலின் நீரைக் குறைக்கிறதேயன்றி வெப்பத்தைக் குறைப்பதில்லை.

வெப்பமானியின் குமிழிலே நனைந்த துணியைச் சுற்றிக் காற்றிலே பிடித்தால் அதன் அளவு கீழிறங்கும். அதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். வியர்த்த உடல் எவ்வளவு குளிரக்கூடும் என்பதைக் காட்டும் அளவுகோல் அது. கச்சான் வீசும் பகலிலே காற்று 35 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 40 உம் இருந்தால் ஈரக்குமிழ் ஏறக்குறைய 24 பாகையைக் காட்டும். சித்திரை மாதத்திலே காற்று 32 பாகைதான். ஆனால் ஈரப்பதன் நூற்றுக்கு 80 ஆனால் ஈரக்குமிழ் 29 பாகையிலே நின்றுவிடும். வெயில் குறைந்த நாள், உடலுக்குக் கொடிய நாளாகிவிடுகிறது! ஈரக்குமிழ் 35 பாகைக்கு மேற் சென்றால் எந்த மனிதனாலும் நெடுநேரம் தாங்கமுடியாது என்று 2010 ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகள் கணித்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகளோ, ஆரோக்கியமான இளைஞருக்கே புழுக்கத்தில் எல்லை 31 பாகையளவுதான் என்று காட்டின. 29 இற்கும் 31 இற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இனி உடைக்கு வருவோம். கச்சான் காலத்திலே உடலை மூடவேண்டும். ஆனால் தளர மூடவேண்டும். சுடுகாற்றும் வெயிலும் தோலிலே நேரே படாதபடி தடுப்பதும், உள்ளே வியர்வை ஆறுதலாக ஆவியாக இடங்கொடுப்பதுமே உடையின் வேலை. வயலிலே நமது கமக்காரர் தலையிலே துவாயைச் சுற்றிக்கொள்வதும், அதை வாய்க்காலில் நனைத்துக்கொள்வதும் இக்காரணத்தாலேதான். நனைந்த துவாய் கச்சானிலே நல்ல குளிரூட்டி. அதே துவாயைச் சித்திரைப் புழுக்கத்திலே கழுத்திற் போட்டால் அது பாரமேயொழிய வேறில்லை. காற்றிலே ஈரத்தை ஏற்க இடமில்லாதபொழுது அது எங்ஙனம் உலரும்? புழுக்கக் காலத்துக்கு வேண்டியது குறைந்த உடை, மெல்லிய உடை, காற்று புகுந்து வெளியேறும் உடை. ஆண்கள் மேலாடையைக் களைந்து ஆலயத்துட் புகும் நம் வழக்கம் பக்தி மரபினால் வந்ததாயினும், சனநெருக்கத்திலே உடலுக்கும் இதஞ்செய்வதை நாம் மறுக்கமுடியாது.

உடையின் அமைப்பு எவ்வாறு இருக்கவேண்டும்? மேலும் கீழும் திறந்த உடை புகைபோக்கிபோல வேலை செய்யும். கீழே புகும் காற்று உடலருகே சூடேறி மேலே வெளியேறும். நடக்கும்பொழுது துணி அசைந்து துருத்தியைப் போலக் காற்றைத் தள்ளும். வேட்டியும் சாரமும் இத்தகையன. பாலைவனத்து அராபிய நாடோடிகள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980 ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டிலே ஒரு கட்டுரை வெளிவந்தது. கறுப்பு அங்கி அதிக வெயிலை உறிஞ்சியபோதிலும், தளர்ந்த அங்கியினுள்ளே ஓடிய காற்று அந்த மேலதிக வெப்பத்தை வெளியே கொண்டுபோய்விட்டதாம். கறுப்பு அங்கியணிந்தவருக்கும் வெள்ளை அங்கியணிந்தவருக்கும் தோலை எட்டிய வெப்பம் ஒன்றாகவே இருந்தது. நிறத்தைவிடத் தளர்வு முக்கியம் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் உடம்போடொட்டிய உடைக்கு இந்தச் சலுகை இல்லை. இறுக்கமான சட்டையாயின் அது வெள்ளையாக இருப்பதே நன்று. நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். ஐரோப்பாவிலே கறுப்பு அங்கி அணியும் பாதிரிமார் நமது நாட்டு வெயிலிலே வெள்ளை அங்கி தரித்ததை அங்கே கண்டேன். அவர்கள் தங்கள் நெறியையும் விடவில்லை. வெயிலையும் அலட்சியஞ் செய்யவில்லை.

துணி எதுவாதல் வேண்டும்? பருத்தி என்று உடனே விடை வரும். அது பெரும்பாலும் சரி, முழுவதும் சரியன்று. சாதாரண நிலையிலே பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு ஈரத்தை ஏற்கும். பொலியெஸ்ரர் அரைப் பங்கும் ஏற்காது. ஆகையாற்றான் பொலியெஸ்ரர்ச் சட்டையினுள்ளே வியர்வை தேங்கி நாம் வெந்து போகின்றோம். ஆனால் முற்றாக நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு காற்றின் வழியை அடைத்துவிடும். உலரவும் நெடுநேரம் பிடிக்கும். பந்தாடும் இளைஞருக்கு, வியர்வையை உள்ளிருந்து வெளிப்புறத்துக்குக் கடத்தும்படி பின்னப்பட்ட செயற்கை இழைச் சட்டையே மேலாயிருத்தல் கூடும். ஆதலால் இழையின் பெயரைக் கேட்குமுன் நெசவைப் பாருங்கள். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு தடையின்றி அப்புறம் போகுமாயின் அது நமக்கேற்ற துணி. மருதமுனைக் கைத்தறித் துணியிலே ஐதாக நெய்தவற்றை இவ்வாறு ஊதிப் பார்ப்பவர்கள் உண்மையை உணர்வார்கள். நமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் பிறநாட்டு விளையாட்டு வீரருக்கு வியர்வை கடத்தும் உடைகளைத் தைத்து ஏற்றுமதி செய்கின்றன. நமது துறைமுகத் தொழிலாளியோ காற்றுப் புகாத துணிக்கு மேல் இறப்பர் பூசிய ஒளிர்சட்டையையும் போட்டுக்கொண்டு நிற்கின்றான்.

இத்தொழிலாளிக்கு வேட்டியையும் சாரத்தையும் உபதேசிக்க நான் வரவில்லை. சுழலும் இயந்திரத்தின் அருகே தளர்ந்த துணி யமனாகும். அங்கே அமைப்பை மாற்றவேண்டும். ஒளிர்சட்டையை வலைப்பின்னற் றுணியிலே செய்யலாம். சட்டையின் முதுகிலே குறுக்கே ஒரு திறப்பு வைத்து அதன்மேல் மடிப்பு விடலாம். கக்கத்தின் கீழே வலைத்துணி வைக்கலாம். கையை மணிக்கட்டிலே மட்டும் பொத்தானிட்டு மேலே தளரவிடலாம். கடலிலே செல்வோருக்கு மேலிருந்து வரும் வெயிலோடு நீரிலே தெறித்து வரும் வெயிலும் சேர்வதால், மெல்லிய நீண்ட கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் வேண்டும். இவற்றிலே ஒன்றுக்கேனும் புதிய இயந்திரம் வேண்டியதில்லை. தையற்காரரின் கத்தரிக்கோல் போதும்.

இவ்வளவு எளிய காரியத்தை நாம் ஏன் செய்யாதிருக்கின்றோம்? விடை வெப்பமானியில் இல்லை. நமது மனத்திலே இருக்கிறது. தடித்த உடை மரியாதையின் சின்னம் என்ற எண்ணம் நம்மைப் பற்றியிருக்கிறது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1905 ஆம் ஆண்டிலேயே 'இரவல் இறகுகள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு கட்டுரை எழுதி, இலங்கையர் ஐரோப்பிய உடைக்குள்ளே புகுந்துகொண்டதைக் கண்டித்தார். 1921 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள் மதுரையிலே காந்தியடிகள் முழு உடையைக் களைந்து அரையாடை பூண்டார். அது ஏழைகளின் பொருட்டுச் செய்த விரதமாயினும், குறைந்த பருத்தி உடையோடும் உலகத்தின் முன் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பதை அது காட்டியது. அவர் 1927 ஆம் ஆண்டில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கும் வந்தார். நமது துறைமுகம் 1957 ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. அக்காலத்திலே ஆங்கில மாலுமிகள் வெள்ளை அரைக்காற்சட்டையோடு வெயிலுக்கேற்ப உடுத்து வேலை செய்ய, நம்மவரான உத்தியோகத்தரோ கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வியர்த்துக்கொண்டிருந்தனர்!

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லவேண்டாம். 2014 ஆம் ஆண்டிலே சென்னையில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டியணிந்து வந்த காரணத்தால் ஒரு கழகத்தினுள்ளே அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டிலே தமிழ்நாட்டுச் சட்டசபை அத்தகைய தடையைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. யப்பானியரின் வழி வேறு. அவர்களுடைய அரசாங்கம் 2005 ஆம் ஆண்டுக் கோடையிலே அலுவலகங்களின் குளிரூட்டியை 28 பாகையில் வைக்கும்படி சொல்லி, அதற்கேற்ப மேலங்கியையும் கழுத்துப்பட்டியையும் விட்டுவரும்படி உத்தியோகத்தரைத் தூண்டியது. மந்திரிமாரே கழுத்துப்பட்டியின்றித் தோன்றினர். மேலுள்ளோர் முதலிலே மாறியதால் கீழுள்ளோர் அச்சமின்றி மாறினர். இதிலே நமக்குப் பாடம் இருக்கிறது.

புதிய கண்டுபிடிப்புகளையும் சொல்லாமல் விடலாகாது. 2016 ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார், கடைகளிலே பொருள் கட்டித்தரும் பொலித்தீனின் இனத்தைச் சேர்ந்த பொருளிலே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கி ஒரு துணி செய்தனர். உடல் வெளிவிடும் செந்நிறக் கீழ்க்கதிர்களைப் பருத்தி தடுத்து நிறுத்தும். இத்துணியோ வெளியே போகவிடும். பருத்தியால் மூடியதைவிட 2 பாகை அளவு குளிர்ச்சி கிடைத்ததென்று அவர்கள் கண்டனர். யப்பானிலே இடுப்பருகே இரு சிறு விசிறிகள் பொருத்திய மேற்சட்டையைக் கட்டடத் தொழிலாளர் அணிகின்றனர். விண்வெளி வீரரின் உள்ளுடையிலே மெல்லிய குழாய்கள் வழியே குளிர்நீர் ஓடுகிறது. இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆனால் திருக்கடலூர் மீனவரின் கைக்கு அவை வந்துசேரும்வரை நாம் காத்திருத்தல் முறையன்று.

தாய்மார்களைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். பெரியோர்கள் மன்னித்தருளவேண்டும். நாங்கள் ஆண்கள் ஆலயத்திலே மேலாடையைக் களைந்து காற்று வாங்கி நிற்கையில், எமது அன்னையரும் சகோதரியரும் பட்டுச்சேலையும் அதன்கீழ் உட்துணி வைத்துத் தைத்த இறுகிய இரவிக்கையும் அணிந்து, பங்குனிப் புழுக்கத்திலே மணிக்கணக்காக நிற்கின்றனர். வெயிலின் சுமையிலே பெரும்பங்கு அவர்கள் மேலே சுமத்தப்பட்டிருக்கிறது. ஒழுக்கம் உடம்பை மறைப்பதில் இருக்கிறதென்றால் அதை நான் எதிர்க்கவில்லை. மெல்லிய பருத்திச் சேலையும் தளர்ந்த கையுள்ள இரவிக்கையும் உடம்பை நன்றாகவே மறைக்கும். மறைப்பது வேறு, அடைப்பது வேறு. பருத்திச் சேலையுடுத்து வரும் பெண்ணை, பட்டுக்கு வழியில்லாதவள் என்று நோக்கும் பார்வையை நாம் மாற்றினாற் போதும். உடை தானே மாறிவிடும்.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. வெப்பத்தாக்கினால் ஒருவர் நிலைதடுமாறி, பிதற்றி, மயங்கி விழுந்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, மேலுடையை அகற்றி, உடம்பிலே நீரூற்றி விசிறவேண்டும், வைத்தியசாலைக்கும் அறிவிக்கவேண்டும். மயங்கியவர் வாயிலே நீர் புகட்டலாகாது. விழுந்தவர் பெண்ணாயின் சுற்றிநிற்போர் கூசி நிற்கின்றனர்; முகத்திலே சிறிது தண்ணீரைத் தெளித்துவிட்டுப் பேசாதிருக்கின்றனர். அந்தச் சில நிமிடங்களே உயிரைக் காக்கும் நிமிடங்கள். மானத்தைக் காக்கவும் உயிரைக் காக்கவும் ஒருங்கே வழியுண்டு. பயிற்சிபெற்ற பெண் தொண்டர்களும், நாற்புறமும் பிடிப்பதற்கு இரண்டு சேலைகளும் இருந்தாற் போதும்.

ஆகவே நமது சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கின்றேன். முதலாவது, தொண்டர்களுக்கு நாம் இப்பொழுது கொடுத்துவரும் பொலியெஸ்ரர் நிறச் சட்டையை நிறுத்தி, ஐதாக நெய்த வெள்ளைக் கைத்தறிச் சட்டையைக் கழுத்துத் திறந்ததாகவும் கை தளர்ந்ததாகவும் தைத்துக் கொடுக்கவேண்டும். அடையாளத்துக்கு ஒரு காவிப் பட்டி போதும். இரண்டாவது, பங்குனித் திருவிழாவுக்கும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் ஒரே ஏற்பாடு செய்யும் வழக்கத்தை விடவேண்டும். பங்குனியிலே விசிறியும் காற்றோட்டமும் முக்கியம். ஆடிக் கச்சானிலே குடிநீரும் நனைந்த துவாயும் தலைமறைவும் முக்கியம். மூன்றாவது, பெண் தொண்டர்களுக்கு மேற்கூறிய முதலுதவிப் பயிற்சியை அடுத்த பங்குனிக்கு முன்னரே அளிக்கவேண்டும். நான்காவது, இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழிலே நனைந்த துணி சுற்றி, சங்க மண்டபத்து விறாந்தையிலே தொங்கவிட்டு, நாள்தோறும் நண்பகலில் இளைஞர் ஒருவர் இரண்டு அளவையும் கரும்பலகையிலே எழுதவேண்டும். இன்று எந்த வகை வெப்பம் என்பதை ஊரார் கண்டறிய அது உதவும். ஓராண்டு எழுதிவந்தால் நமது நகரின் வெப்பத்தைப்பற்றி நமது கையாலேயே எழுதிய ஏடொன்று நமக்குக் கிடைக்கும்.

பெரியோர்களிடம் ஒரு வார்த்தை. இளைஞர் நாங்கள் கழுத்துத் திறந்த சட்டையோடு சபைக்கு வந்தால் அதனை அவமரியாதையாகக் கொள்ளாதீர்கள் என்று கேட்பதற்கு எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக, நீங்களே முதலில் அவ்வாறு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் முன்னே நடந்தால் நாங்கள் பின்னே வருவோம். யப்பானிய மந்திரிமார் செய்ததை நமது சங்கத் தலைவர்களால் செய்யமுடியாதா?

இளைஞர்களிடமும் ஒரு வார்த்தை. இவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பழைய உடையெல்லாம் நல்லது, புதிய உடையெல்லாம் தீது என்று முடிவுசெய்யவேண்டாம். பழையதையும் ஊதிப் பாருங்கள். புதியதையும் ஊதிப் பாருங்கள். காற்று போகும் துணியை எடுத்துக்கொள்ளுங்கள்.